கோரி மீனுக்குப் புதுப் பெயர்

அடுத்த தடவை உங்கள் ஊர் வளர்ப்பு மீன் கடைக்குப் போனால், மணலை மோந்துகொண்டே திரியும் குட்டிக் கெளுத்திகள் இருக்கும் தொட்டி முன்னால் ஒரு நிமிஷம் நின்று, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டைப் படித்துப் பாருங்கள். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை உள்ள பாண்டா கோரிக்கு ஒரு கடையில் 'கோரிடோரஸ் பாண்டா' என்று எழுதியிருக்கும். இன்னொரு கடையில் அதே மீனுக்கு 'ஹோப்லிசோமா பாண்டா'. ரெண்டும் வேறு வேறு மீனா, எதை வாங்குவது, எந்தப் பெயரைப் போட்டு வளர்ப்பு முறையைத் தேடுவது என்று புதிதாகத் தொட்டி வைக்கிறவர்களுக்குத் தலை சுற்றும்.

ஒரே மீன்தான். மாறியது பெயர் மட்டும். 2024-ல் மீன் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கூட்டத்தையே பிரித்து அடுக்கினார்கள். இத்தனை நாள் 'கோரிடோரஸ்' என்ற ஒரே கூடையில் 170-க்கும் மேற்பட்ட இனங்கள் கிடந்தன. மரபணுவையும் எலும்பமைப்பையும் வைத்துப் பார்த்ததில் அந்தக் கூடைக்குள் பல தனித்தனிக் கிளைகள் இருப்பது தெரிந்தது. ஹோப்லிசோமா, ஆஸ்டியோகாஸ்டர், கேஸ்ட்ரோடெர்மஸ், புரோக்கிஸ் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே யாரோ சூட்டி, பிறகு புழக்கத்தில் இல்லாமல் கிடந்த பெயர்களைத் தூசி தட்டி எடுத்து ஒவ்வொரு கிளைக்கும் கொடுத்துவிட்டார்கள். நீண்ட மூக்குள்ள சில இனங்கள் மட்டும் பழைய 'கோரிடோரஸ்' பெயரிலேயே இருக்கின்றன. கடைக்காரரும் நாமும் எல்லாவற்றையும் 'கோரி' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதில் தப்பில்லை.

லண்டனுக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக இந்த மீன்கள் இருக்கின்றன. நாய் வேண்டும், பூனை வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு வாடகை வீட்டுக்காரர் அனுமதிக்கிற ஒரே உயிர் மீன்தான் என்பது வெளிநாட்டில் இருக்கும் பலருக்கும் தெரிந்த கதை. அப்படித் தொட்டி வாங்கும் வீடுகளில் பெரும்பாலும் முதலில் வருவது கோரி. 'இது கீழே இருக்கிற அழுக்கையெல்லாம் சாப்பிட்டுத் தொட்டியைச் சுத்தமா வெச்சுக்கும், ரெண்டு போட்டா போதும்' என்று கடையில் சொல்லித் தருவார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பொய் இருக்கிறது. அதை நம்பி வாங்கிய மீன் ஒரு மாதத்துக்குள் செத்து, ஏழு வயசுப் பிள்ளை அழுது, தொட்டி கார் ஷெட்டுக்குப் போன வீடுகள் எனக்கே நாலைந்து தெரியும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன மீன் என்று பார்ப்போம். என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது தொட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது நம்ம கெளுத்தி மாதிரியே மீசை வெச்சிருக்கே!" என்றார். சரியாகத்தான் சொன்னார். கெளுத்திதான் இது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் கெளிறு என்பார்கள். ஆனால் நம் ஆற்றுக் கெளுத்திக்கு இது ரொம்பத் தூரத்துச் சொந்தம். கோரிகள் தென் அமெரிக்காவில் மட்டும்தான் உண்டு. ஆண்டீஸ் மலையின் கிழக்கே, அமேசான், ஒரினோகோ, லா பிளாட்டா ஆறுகளின் கிளைகளில், பெரும்பாலும் ஆழமில்லாத மணல் ஓடைகளில் வாழ்கின்றன. கெளுத்திக்குச் செதில் இல்லை என்பது நமக்குத் தெரியும். கோரிக்கும் செதில் இல்லை. ஆனால் பக்கத்துக்கு இரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள், கூரை ஓடு மாதிரி ஒன்றன் மேல் ஒன்று அடுக்கி, கவசம் போட்டிருக்கிறது. தலைக்கவசம், தோல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துத்தான் லாசெபேட் என்ற பிரெஞ்சுக்காரர் 1803-ல் 'கோரிடோரஸ்' என்று பெயர் வைத்தார்.

கெளுத்தி முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று மீன் ஆய்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கோரிக்கும் முதுகில் ஒன்று, மார்புத் துடுப்பில் பக்கத்துக்கு ஒன்று என்று முள் உண்டு. பயந்தால் அதை விறைப்பாக நீட்டிப் பூட்டிக்கொள்ளும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2016-ல் ஒருவர் குடிபோதையில் நண்பர்களோடு சேர்ந்து உயிரோடு தங்க மீனை விழுங்கினார். அது இறங்கிவிட்டது. அடுத்து ஒரு வெண்கலக் கோரியை விழுங்கினார். அது முள்ளை விரித்துத் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் டாக்டர்கள்தான் எடுத்தார்கள். செத்துப்போன அந்த மீன் இப்போது ராட்டர்டாம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய வாய் மீன்களோடு கோரியைப் போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. விழுங்கினதும் சாகும், விழுங்கப்பட்டதும் சாகும்.

பெயர் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். ஒரு மீனுக்கு முறையான பெயர் வருவது சாதாரணமாக நடப்பதில்லை. ஆற்றில் பிடித்த மாதிரி மீனை அருங்காட்சியகத்தில் வைத்து, முள், தகடு, பல், நிறம் எல்லாவற்றையும் அளந்து, ஏற்கெனவே பெயருள்ள சொந்தக்கார இனங்களிலிருந்து இது எதில் வேறுபடுகிறது என்று எழுதி, ஆய்விதழில் அச்சேற்ற வேண்டும். அதற்குப் பத்து வருஷம், இருபது வருஷம்கூட ஆகலாம். ஆனால் ஏற்றுமதிக்காரர் பெட்டி அதுவரை காத்திருக்காது. பெயரில்லாத மீன் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். இதைச் சமாளிக்க 'டாட்ஸ்' என்ற ஜெர்மானிய மீன் வளர்ப்பு இதழ் 1993-ல் கோரிகளுக்கு நம்பர் போட ஆரம்பித்தது. சி 1, சி 2 என்று போகும். பிறகு 2006-லிருந்து சி.டபிள்யூ. என்று இன்னொரு வரிசையும் வந்தது. கடையில் 'சி.டபிள்யூ.' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு எண் இருந்தால், இன்னும் முறைப்படி பெயர் சூட்டாத, அல்லது எந்தப் பெயருக்கு உரியது என்று தீர்மானமாகாத மீன் என்று அர்த்தம்.

பெயர் சூட்டும்போது சில நல்ல காரியங்களும் நடக்கின்றன. பிரேசிலின் வடமேற்கு மூலையில், ரியோ நெக்ரோ ஆற்றின் மேல்பகுதியில் கிடைத்த ஒரு கோரிக்கு 2003-ல் 'துகானோ' என்று பெயர் வைத்தார்கள். அங்கே வாழும் பழங்குடி மக்களின் பெயர் அது. அதே வட்டாரத்தில் கிடைத்த, அதைப் போலவே தோற்றம் உள்ள இன்னொன்றுக்கு அடுத்த ஊர் மக்களின் பெயரைச் சேர்த்து 'தேசானா' என்று வைத்தார்கள். ரொண்டோனியா மாநிலத்தில் கிடைத்த நெருப்பு நிறக் கோரிக்கு 2016-ல் கிரேக்கரின் அக்கினி தேவன் ஹெபஸ்டஸ் பெயர். என் மகளுக்கு இந்த மூன்றாவது பெயர்தான் பிடித்தது. எனக்கு முதல் இரண்டும்.

துகானோவும் தேசானாவும் ஒன்றைப் போல ஒன்று இருப்பது தற்செயல் இல்லை. கோரிகளிடம் இது ஒரு வழக்கம். ஒரே ஓடையில் வாழும் இரண்டு மூன்று இனங்கள், நெருங்கிய சொந்தம்கூட இல்லாதவை, ஒரே மாதிரிப் புள்ளி, ஒரே மாதிரிப் பட்டை போட்டுக்கொண்டு ஒரே கூட்டமாகத் திரியும். முள்ளும் விஷச் சுரப்பியும் உள்ள மீன் என்று கொத்த வருகிற எதிரிக்கு ஒரே சீருடையில் சொல்லிவிடுகின்றன. சீருடை ஒன்று, சாப்பாடு வேறு. குட்டை மூக்குள்ளது மேலோட்டமாகப் பொறுக்கும், நீண்ட மூக்குள்ளது ஆழமாகக் கிளறும். 2011-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. 2024-ல் கூடையைப் பிரிக்கும் வேலைக்கு அதுவும் ஒரு தொடக்கம். நமக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், ஆற்றில் பிடித்துவந்த ஒரே தொட்டி மீன்களில் இரண்டு இனம் கலந்திருக்கலாம். ஆறு மீன் வாங்கும்போது மூக்கையும் பார்த்து ஒரே மாதிரி ஆறு எடுங்கள்.

அந்த மூன்று பொய்யில் முதலாவது 'ரெண்டு போட்டா போதும்' என்பது. போதாது. ஆறாவது வேண்டும், எட்டு இருந்தால் இன்னும் நல்லது, அதுவும் ஒரே இனமாக. வெண்கலக் கோரியை வைத்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரிவா ரைலி என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. இந்த மீன்கள் ஒன்றை ஒன்று உடம்பால் மெல்ல இடித்து 'நான் இங்கேதான் இருக்கேன், வா போகலாம்' என்கிற மாதிரிப் பேசிக்கொள்கின்றன. முன்பின் பழகாத இரண்டைச் சேர்த்துவிட்டால் இன்னும் அதிகமாக இடித்துக்கொண்டு, அப்படியே பழகின ஜோடி அளவுக்குச் சேர்ந்து நடக்க ஆரம்பித்துவிடுகின்றன. தனியாகப் போட்ட கோரி செடிக்குப் பின்னால் போய் ஒரே இடத்தில் கிடக்கும். 'சாதுவான மீன்' என்று நினைத்துக்கொள்வோம். கூட இன்னும் ஐந்தைப் போட்டுப் பாருங்கள், அதே மீன் தொட்டி முழுக்க ரோந்து போகும்.

இரண்டாவது பொய், அழுக்கைச் சாப்பிடும் என்பது. எந்த மீனும் இன்னொரு மீனின் கழிவைச் சாப்பிட்டு வாழாது. கோரி பாசியும் தின்னாது. அதற்கு வேண்டியது புழு, பூச்சிக் குஞ்சு, சின்ன ஓட்டுயிர். எங்கள் வீட்டில் செவ்வாய், சனி சைவம். மீனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அடியில் போய்த் தங்குகிற மாத்திரை உணவு தினம் கொஞ்சம், வாரத்தில் இரண்டு நாள் உறைய வைத்த சிவப்புப் புழுவோ டாஃப்னியாவோ. மேலே நீந்தும் டெட்ராக்கள் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்பதால், விளக்கை அணைத்த பிறகு கோரிக்குப் போடுவது நல்லது. இரண்டு செண்டிமீட்டர்தான் இருக்கும் குட்டைக் கோரிகளுக்கு மாத்திரையைப் பொடித்துத்தான் போட வேண்டும். அவற்றின் வாய் கடுகுக்குள் அடங்கும்.

மூன்றாவது பொய்தான் மீனைக் கொல்கிறது: கடையில் தொட்டி, மீன் எல்லாம் ஒரே நாளில் வாங்கி, அன்று சாயங்காலமே விட்டுவிடலாம் என்பது. மீன் மூச்சுவிடும்போதும் கழிவு போடும்போதும் அம்மோனியா வரும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் மீனின் செவுள் வெந்துபோகும். ஃபில்டர் பஞ்சில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாமலே கொஞ்சம் அம்மோனியா விட்டுத் தொட்டியைப் பழக்க வேண்டும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று தொடர்ந்து வந்த பிறகுதான் மீன்.

ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பிள்ளைக்கும் பொறுமை இருக்காது. இதற்கு நம் சமையலறையிலேயே வழி இருக்கிறது. தயிருக்கு உறை கேட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறோமே, அதேதான். நல்லபடியாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவர் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். உறை ஊற்றின பால் மாதிரி வேலை சீக்கிரம் நடக்கும். அப்போதும் டெஸ்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் மீனை விட வேண்டும், ஏனென்றால் உறை ஊற்றியும் தோயாத நாள் உண்டு. இன்னொன்று, அந்தப் பஞ்சை ஒருநாளும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினோ குளோரமைனோ அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே ஒரு பிழி பிழிந்தால் போதும். புதுத் தண்ணீர் விடும்போது குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்துதான் விட வேண்டும். ஒரு நாள் வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்று ஊரில் செய்வோம். குளோரமைன் அப்படிப் போகாது.

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மாற்றினால் போதும். எங்கள் பக்கம் கெட்டில் அடியில் வெள்ளையாகப் படியும் அளவுக்குக் கடினத் தண்ணீர். பண்ணையில் பிறந்த கோரிகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. ஆற்றிலிருந்து பிடித்து வந்தவை மென்மையான தண்ணீரில் பழகியவை, அவற்றுக்கு மெதுவாகப் பழக்க வேண்டும். முதல் தொட்டிக்குப் பண்ணை மீனே வாங்குங்கள் என்பது என் கட்சி.

அடியில் என்ன போடுவது? நைசான, வழவழப்பான மணல். கலர் கலராகக் கூர்மையான கல் விற்பார்கள், பிள்ளைகளும் அதைத்தான் கேட்பார்கள். கோரி மணலை வாயில் அள்ளி, உள்ளே உணவைச் சலித்து, மீதியைச் செவுள் வழியாக வெளியே விடும். அரிசி களைகிற மாதிரி ஒரு வேலை, நாள் முழுக்க. கூர்க்கல்லில் இதைச் செய்ய முடியாது. மீசை தேய்ந்து அறுந்துபோவதற்குக் கல் மட்டும் காரணம் என்று பலர் சொல்வார்கள். நான் பார்த்த வரைக்கும், அழுகின உணவு தங்கிய அழுக்குத் தரைதான் அதைவிடப் பெரிய காரணம். மணலாக இருந்தாலும் மேலாகக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும்.

பாதாம் இலை பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்குமே நாட்டு வாதாம் மரம், இலங்கையில் கொட்டாங்காய் மரம் என்பார்கள், அதன் சருகை மீன் தொட்டியில் போடுவது உலகம் முழுக்க இருக்கும் பழக்கம். தண்ணீர் தேநீர் நிறமாகும், கொஞ்சம் மென்மையாகும், இலையில் படரும் நுண்ணுயிரைக் குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். அங்கே கூட்டிக் குப்பையில் தள்ளுகிற இலை இங்கே பாக்கெட்டில் எண்ணி விற்கிறார்கள். மாமியாரிடம் விலையைச் சொல்லவில்லை.

எந்தக் கோரி என்பதை உங்கள் வீட்டுச் சூட்டை வைத்து முடிவு செய்யுங்கள். பெயர் தெரிவதன் பெரிய பயன் இதுதான். பெயர் தெரிந்தால் ஆறு தெரியும், ஆறு தெரிந்தால் தண்ணீர் தெரியும். புள்ளிக் கோரி, அதாவது பலேட்டம், அர்ஜென்டினா, உருகுவே பக்கத்து மீன். டார்வின் தன் பீகிள் கப்பல் பயணத்தில் சேர்த்த மாதிரிகளில் இதுவும் ஒன்று, 1842-ல் பெயர் வந்தது. 18 முதல் 23 டிகிரி போதும். குளிர்நாட்டு வீட்டில் ஹீட்டர் செலவு குறைவு. பாண்டா பெருவின் மலையடிவார ஓடைகளிலிருந்து வருவது, 20 முதல் 25. ஸ்டெர்பை பொலிவியா எல்லைக் குவாப்போரே ஆற்று மீன், 24-க்கு மேல் 28 வரை கேட்கும். சிங்கப்பூர், மலேசியா, துபாய் வீடுகளில் இருப்பவர்களுக்கு ஸ்டெர்பைதான் ஏற்றது. பலேட்டத்தை அங்கே கொண்டுபோய் வேகவைக்காதீர்கள். இடம் குறைவான வீட்டுக்குக் குட்டைக் கோரி, இப்போது கேஸ்ட்ரோடெர்மஸ் பிக்மேயஸ். 60 செ.மீ. நீளத் தொட்டியில் எட்டு பத்து தாராளமாக இருக்கும். மற்றக் கோரிகள் மாதிரித் தரையிலேயே கிடக்காமல் இது நடுத்தண்ணீரில் கூட்டமாக மிதக்கும், பார்க்க அத்தனை அழகு. மற்றவற்றுக்கு 80 செ.மீ. தொட்டியாவது வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது இரட்டைப் பை கேளுங்கள், முள் ஒரு பையைக் குத்திவிடும். மார்புத் துடுப்பின் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து மிரண்ட மீன் ஒரு விஷத்தை விடும் என்பார்கள். அடைத்த பையில் அது அவற்றுக்கே ஆபத்து. ஒரே பையில் நிறையத் திணிக்க விடாதீர்கள், அந்தப் பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

வந்த முதல் நாளே பிள்ளைகள் ஓடிவந்து சொல்லும் புகார் ஒன்று உண்டு. "அம்மா, அது மூச்சு முட்டி மேலே மேலே போகுது!" பயப்பட வேண்டாம். கோரி தண்ணீருக்கு மேலே விருட்டென்று போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே வரும். அந்தக் காற்றிலிருந்து குடல் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அவ்வப்போது செய்தால் இயல்பு. எல்லா மீனும் நிமிஷத்துக்கொரு தடவை போனால், உடனே தண்ணீரை டெஸ்ட் செய்யுங்கள். கண் சிமிட்டுகிறது என்பார்கள், அதுவும் உண்மைதான். இமை கிடையாது, கண்ணையே கீழே உருட்டிவிட்டு மேலே கொண்டுவரும்.

இனி வெளிநாட்டுத் தமிழ் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல். கோடை விடுமுறைக்கு ஐந்து வாரம் ஊருக்குப் போகிறோம். மீன்?

மீன் வளர்ப்புப் புத்தகங்கள் 'ஒரு வார விடுமுறை' பற்றித்தான் எழுதும். எங்கள் வீட்டில் நாங்கள் செய்வது இது. வளர்ந்த, ஆரோக்கியமான கோரி பத்து நாள், இரண்டு வாரம்கூட உணவில்லாமல் தாங்கும். ஐந்து வாரத்துக்கு ஆள் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பட்டினி போட்டு மீனைக் கொன்றதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பாசத்தில் அள்ளிப் போட்டுத்தான் கொல்வார்கள். அதனால் உணவு டப்பாவை ஒளித்து வைத்துவிடுகிறோம். சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, வாரத்துக்கு இரண்டு வீதம் பத்துப் பொட்டலம். நம் ஊர் நாட்டு மருந்துக்கடைப் பொட்டலம் மாதிரியே இருக்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் தண்ணீர் மாற்றம், அன்றே மாற்றினால் ஏதாவது கோளாறு வந்தால் பார்க்க ஆள் இருக்காது. மூன்றாம் வாரம் ஒரு முறை தெரிந்தவர் யாராவது வந்து கால் பங்கு மாற்றினால் நல்லது. குளோரின் மருந்தை அளந்து சின்னப் புட்டியில் வைத்துவிட்டுப் போகலாம். விளக்குக்கு டைமர், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். புது மீன் எதையும் பயணத்துக்கு முந்தின மாதம் வாங்குவதில்லை.

திரும்பி வந்து குளிர்ந்த தண்ணீரை மாற்றினால் சில சமயம் ஒரு பரிசு கிடைக்கும். மழை வந்துவிட்டது என்று நினைத்துக் கோரிகள் முட்டையிடும். இந்த முட்டையிடும் முறை மிக விசித்திரமானது. வெண்கலக் கோரியில் பெண் மீன் ஆணின் விந்தை வாயால் குடித்து, அது குடல் வழியாகச் சில நொடிகளில் வெளிவர, வயிற்றுத் துடுப்புகளைக் கூடை போலக் குவித்துப் பிடித்திருக்கும் முட்டைகளில் சேர்க்கிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1995-ல் கண்டுபிடித்தார்கள். பிறகு கண்ணாடியை வாயால் துடைத்துவிட்டு முட்டையை ஒட்டும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். அதற்குள் பெரியவையே தின்றுவிடும் என்பதால், விரலால் மெல்ல உருட்டி எடுத்து வேறு சின்னத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். முட்டை பிசுபிசுப்பாக இருந்தாலும் ஜவ்வரிசி மாதிரி கெட்டியாக இருக்கும், பிள்ளைகளே எடுக்கலாம். குஞ்சு மஞ்சள்கருப் பையை இரண்டு நாள் சாப்பிடும், பிறகு மைக்ரோ புழுவும் அப்போது பொரித்த உப்புநீர் இறால் குஞ்சும்.

இந்த மீன்கள் நல்ல பராமரிப்பில் பத்து வருஷம் போல இருக்கும். நம் விசாவும் வேலையும் அதற்குள் இரண்டு தடவை மாறலாம். நாடு மாறும்போது மீனை ஏரியிலோ பூங்காக் குளத்திலோ விடுவது பல நாடுகளில் குற்றம். நம் ஊரில் நடந்ததையே பார்க்கலாம். 'டேங்க் கிளீனர்' என்று விற்ற கறுப்பு உறிஞ்சுவாய் மீன், கோரிக்குத் தூரத்துச் சொந்தமான தென் அமெரிக்கக் கெளுத்தி, வீட்டுத் தொட்டிக்கு மேல் வளர்ந்ததும் யார் யாரோ கொண்டுபோய் விட்டு, இன்றைக்குத் தமிழ்நாட்டு ஏரிகளில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான நகரங்களில் மீன் வளர்ப்போர் சங்கம் ஒன்று இருக்கும். இனப்பெயரும் எத்தனை வயது என்பதும் எழுதிக் கொடுத்தால் ஆறேழு கோரியைக் கூட்டம் பிரிக்காமல் வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பார்கள். சீட்டில் பழைய பெயர், புதுப் பெயர் ரெண்டையும் எழுதிவிடுங்கள்.